ஸ்கொட்லாந்துப் பாட்டும் என் விரல்களும்

ஒஸ்லோவில், குரோருட் பகுதி முதியோர் இல்லமொன்றில் என்னோடு வேலை செய்த ஸ்கொட்லாந்துக்காரர் ஓய்வு பெறப் போகிறார் என்றதும், அவருடைய நாட்டு நடனப் பாட்டொன்றை வயலினில் வாசிப்பதாக எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன்.

இணையத்தில் ஒரு பழைய தொகுப்புக் கிடைத்தது. அதில் வெறும் சுரங்கள்தான். எங்கே அழுத்துவது, எங்கே வெட்டுவது என்பதெல்லாம் வாசிக்கிறவர் பாடு. எங்கட சங்கீதக் கொப்பியும் அப்படித்தானே என்று, ச ரி க ப த என்று தமிழில் எழுதிக்கொண்டு தரையில் சப்பாணி கட்டி இருந்தேன்.

ஐந்தே சுரம், அச்சொட்டாக மோகன ராகம். அதுதான் வினையாகிப் போனது. சின்ன வயதிலிருந்து கமகம் பழகிய விரல் ஒரு சுரத்திலும் நேரே நிற்காது, இழுக்கும், அசைக்கும். இரண்டு கிழமை விரலைத் திட்டித் திட்டி வாசித்தேன். அசைவை எடுத்தால் பாட்டுச் செத்துக் கிடந்தது. விட்டால் கோயிலுக்குப் போனது.

பிரியாவிடையன்று சாப்பாட்டு அறையில் கண்ணை மூடிக்கொண்டு வாசித்து முடித்தேன். முதலில் கைதட்டியவர் அவர்தான்.

"நல்லாயிருந்தது," என்றார். "இனி எங்கட ஸ்கொட்லாந்துப் பாட்டை வாசியும்."