கையில் தூக்கிப் பார்த்த ஐந்நூறு வாட்ஸ்

கம்ப்யூட்டர் திருத்தும் கடைக்கு வருகிறவர்கள் விண்டோஸைத் திட்டுவார்கள், வைரஸைத் திட்டுவார்கள். பெட்டியின் மூலையில் இருக்கும் பவர் சப்ளையை மட்டும் ஒருவரும் திட்டுவதில்லை. கொழும்பு வெள்ளவத்தையில் பதினொரு வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். "இதுக்கு எத்தனை வாட்ஸ் போடவேணும்?" என்று யாராவது கேட்டால் நாம் எப்படி முழிப்போம் என்பது, இதே தொழிலில் அவதிப்படும் உங்களுக்குத் தெரியும்.

பாரம்

எனக்கு இதை யாரும் படிப்பிக்கவில்லை. மருதானைக்கு மொத்தமாகச் சாமான் எடுக்கப் போனபோது மற்றவர்களைப் பார்த்துப் பழகியதுதான். பவர் சப்ளையை உள்ளங்கையில் வைத்து, தேங்காய் வாங்குகிறவர்கள் மாதிரி மேலும் கீழும் ஆட்டிப் பார்ப்பார்கள். பாரமாக இருந்தால் உள்ளே செம்பு நிறைய இருக்கிறது, நல்ல சாமான். லேசாக இருந்தால் திருப்பி வைத்துவிடுவார்கள்.

நானும் 500 வாட்ஸ் பெட்டிகள் இரண்டைத் தூக்கிப் பார்த்துப் பாரமானதை எடுத்தேன். ஸ்டிக்கரில் இருந்த சின்ன எழுத்தை வாசிக்கக் குனிந்தேன். பாரத்தை மட்டும் பார்த்தால் போதும் என்று கடை முதலாளி சிரித்துக்கொண்டே சிங்களத்தில் சொன்னார்: "மல்லி, பர விதரக் பலன்ன."

கரண்ட் பில்

ஓய்வுபெற்ற கிளார்க் ஒருவர் 650 வாட்ஸ் என்றதும் என் மேசையிலேயே பேப்பர் எடுத்துக் கணக்குப் போட்டார். ஒரு நாளைக்கு ஆறு மணித்தியாலம், மாதத்துக்கு இத்தனை யூனிட். தலையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, மொட்டைமாடியில பெரிய டாங்க் வைச்சா முழுத்தண்ணியும் ஒரே நாளிலயா முடியும்? திறக்கிற அளவுதானே வரும். கம்ப்யூட்டரும் தனக்குத் தேவையானதை மட்டும்தான் எடுக்கும்" என்றேன். கொஞ்சம் யோசித்தார், விளங்கிவிட்டது. பெட்டியை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஓம் தம்பி, எனக்கு விளங்குது. ஆனா அந்த 650-க்கு மேல ஏதும் பேப்பர் ஒட்டி மறைச்சு விடும், மனுசி கண்டா வீட்டுப் பில் முழுக்க என்ர தலையில கட்டிப்போடுவா."

மாமா ஆடும் இடம்

கொட்டாஞ்சேனை ரோஸ்மேரி கல்யாண வீடியோ எடிட் பண்ணுகிறவர். அந்தப் பாரமான பவர் சப்ளை போட்டு என்னிடம் வாங்கிய கம்ப்யூட்டரில், போன மாதம் நான்தான் புதுக் கிராஃபிக்ஸ் கார்டும் மாட்டிக் கொடுத்தேன். "500 வாட்ஸ் இருக்குத்தானே, தாராளம்" என்று சொன்னவனும் நானே.

வெள்ளிக்கிழமை காலை அதைத் தூக்கிக்கொண்டு ஓட்டோவில் வந்து இறங்கினார். மணமகளின் அப்பா கால் முறிந்து ஆஸ்பத்திரியில் இருந்ததால் கல்யாணத்தையே பார்க்கவில்லை. ஞாயிறு மகள் கனடாவுக்குப் பறக்கிறாள். அதற்கு முன் அப்பாவோடு உட்கார்ந்து வீடியோவைப் பார்க்கவேண்டும் என்று ஆசைப்படுகிறாள். ஆனால் வீடியோவை முடித்து எடுக்கப் போனால், ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் மெஷின் பொசுக்கென்று நின்றுவிடுகிறது.

"அப்படி எந்த இடம்?" என்று கேட்டேன். ரோஸ்மேரி சிரிக்கவேயில்லை. "மாப்பிள்ளைட மாமா பைலா ஆடத் தொடங்கினா மெஷின் நிண்டுருதுண்ணா."

சீமெந்து

ஏன் அந்த இடத்தில் மட்டும்? எனக்கு வேறு வேலை ஓடவில்லை. மாமா ஆடும் இடத்தில்தான் ரோஸ்மேரி ஸ்லோமோஷனும் கலர் லைட்டுகளும் போட்டிருந்தார். கார்டுக்கு அங்கேதான் உயிர் போகிற வேலை. ஸ்டிக்கரின் சின்ன எழுத்தை இப்போதுதான் முதல்முறையாக வாசித்தேன்: 12 வோல்ட், 18 ஆம்பியர். பெருக்கினால் 216 வாட்ஸ், ப்ராசசருக்கும் கார்டுக்கும் கிடைப்பது அவ்வளவுதான். இரண்டும் சேர்ந்து முழு மூச்சில் ஓடினால் முந்நூறைத் தாண்டும். பிறகு அந்தப் பாரம் எங்கிருந்து வந்தது என்று பவர் சப்ளையைக் கழற்றித் திறந்தேன். அடியில் சோப்புக்கட்டி அளவில் ஒரு சீமெந்துத் துண்டு ஒட்டியிருந்தது. அதைத்தான் நான் செம்பு என்று நம்பித் தெரிந்தெடுத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

என் கடைக் கம்ப்யூட்டரில் இருந்த 650 வாட்ஸைக் கழற்றி அவருடையதில் மாட்டினேன். இருவரும் திரைக்கு முன்னால் உட்கார்ந்து பார்த்தோம். மாமா மேடைக்கு வந்தார், ஆடினார், ஆடி முடித்து உட்கார்ந்தும் விட்டார். மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. பின்னேரம் வீடியோ முழுதாக வந்தது. நான் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். ரோஸ்மேரி சீமெந்துத் துண்டைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நாளைக்கு அப்பாவும் மகளும் பாப்பாங்க, அது போதும், மாமாகிட்ட மட்டும் நீங்க மன்னிப்புக் கேளுங்கண்ணா."

பதினொரு வருட அனுபவத்தில் நான் கற்றுக்கொண்டது, பவர் சப்ளை வாங்கும்போது கையைவிட மூக்குக்கண்ணாடிதான் உதவும் என்பது மட்டுமே.