பெரட்டுக்கு வராத மண்டோர்

கௌசல்யா அவர்கள் காலமான செய்தியைப் படித்ததும் நான் சிரித்தேன். கோலசிலாங்கூரில் லோரி உதிரிப்பாகக் கடை ஒன்றில் வேலை பார்க்கிறேன். காலையில் கடை திறக்கும் நேரம், எங்கள் நால்வர் வாட்சாப் குழுவில் அவருடைய கணவர் தமிழ்வாணன் எழுதியிருந்தார்: “மண்டோர் போயிட்டாங்க.” மண்டோர் என்பது எங்கள் கதை விளையாட்டில் கௌசல்யாவின் பட்டம். விளையாட்டில் ஏதோ புதுத் திருப்பம் வைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். “அப்ப யாரு எதக் குடுத்து எழுப்பறது?” என்று பதில் தட்டிவிட்டுப் பூட்டைத் திறந்தேன். உடனே குழுவின் நான்காமவர் பிரியாவிடமிருந்து அழைப்பு வந்தது. அழுகைதான் கேட்டது. என் பதிலை அவசரமாக அழித்தேன். தமிழ்வாணன் அதற்குள் படித்துவிட்டிருந்தார்.

வேலைக்குக் கிளம்பிக் காரில் ஏறிய கௌசல்யா கதவைக்கூடச் சாத்தவில்லை. மாரடைப்பு. நாற்பது வயதுகூட ஆகவில்லை. முந்தின நாள்தான் சனிக்கிழமை ஆட்டத்துக்கு யார் கறிபப் பலகாரம் வாங்கி வருவது என்று என்னோடு வழக்கடித்தார். எனக்கு இன்னும் விளங்கவில்லை. எழுதினால் விளங்குமோ என்றுதான் எழுதுகிறேன்.

அவரை அறியாதவர்களுக்கு எங்கள் ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாயால் விளையாடும் கதை அது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, இதைச் செய்கிறேன், அதைச் செய்கிறேன் என்பார்கள். செய்தது பலிக்கிறதா என்பதைப் பகடை சொல்லும். ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலையிலிருந்த கௌசல்யாதான் பெஸ்தாரி ஜெயாவிலுள்ள தம் வீட்டில் இதை எங்களுக்குப் பழக்கினார். கதை நடத்துபவரை என்னவென்று கூப்பிடுவது என்று கேட்டபோது, அவருடன் வேலை செய்த பிரியா சொன்னார்: “நாங்க வேல செய்யறோம், நீங்க நின்னுக்கிட்டு ஏசறீங்க. மண்டோர்தான், வேற என்ன?” கௌசல்யாவின் அப்பா தோட்டத்தில் மெய்யாகவே மண்டோராக, அதாவது கங்காணியாக, இருந்தவர். அதனால் மகளுக்கு அந்தப் பெயர் ரொம்பவும் பிடித்துப்போயிற்று.

தோட்டத்தில் வேலைக்கு முன் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடுவதைப் பெரட்டு என்பார்கள். எங்கள் ஆட்டமும் பெரட்டோடுதான் தொடங்கும். பாத்திரங்களின் பேரை அவர் கூப்பிட, “இருக்கேன்” என்று நாங்கள் குரல் கொடுக்க வேண்டும்.

முதலில் செத்தது பிரியாவின் பாத்திரமான வைத்தியச்சி வள்ளி. பிரியா கண் கலங்கியதைப் பார்த்து மண்டோர் மனமிளகி, அடுத்த வாரமே ஒரு சாமியாரை வரவழைத்து இலவசமாக எழுப்பிவிட்டார். வந்தது வினை. அதற்குப் பிறகு நாங்கள் முதலை கிடக்கும் ஆற்றில் குளிக்க இறங்கினோம், கொள்ளையர் கூட்டத்தில் போய் வம்பு இழுத்தோம். “செத்தா என்னா, மண்டோர் எழுப்பிடுவாங்க லா,” என்றேன் நான்.

அவர் பகடைகளை அள்ளி ஓரமாக வைத்தார். “தப்பு என்மேலதான். சும்மா எழுப்பினேன், அதான் சாவுக்கு மரியாத போச்சு,” என்றார். அன்று அவர் சொன்ன சட்டம் கடைசிவரை மாறவில்லை. செத்தவர் பேரை மூன்று பெரட்டில் கூப்பிடுவார். அதற்குள் உயிரோடிருக்கும் ஒருவர் தம் பாத்திரத்திடமிருந்து, திரும்பக் கிடைக்காத எதையாவது கொடுக்க வேண்டும். பொன்னும் காசும் செல்லாது. கொடுப்பதற்கு முன் செத்த பாத்திரத்தை ஆடுபவரைக் கேட்க வேண்டும். அவர் வேண்டாம் என்றால் அத்தோடு சரி. “எல்லாருக்கும் இதான். முன்கூட்டியே சொல்லிட்டேன், அப்புறம் மொகத்தப் பாக்க மாட்டேன்.”

மெய்யாகவே பார்க்கவில்லை. தமிழ்வாணனின் வீரன் முனியன் ஒரு கேவலமான பகடையால் செத்தான். இரண்டு பெரட்டு போயிற்று, கொடுக்க யாரும் முன்வரவில்லை. தமிழ்வாணன் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். “வீட்டுக்காரருக்குன்னு தனிச் சட்டம் கெடையாது,” என்றார் மண்டோர். அந்த வாரம் இருவரும் பாசார் மாலாம் இரவுச் சந்தைக்குத் தனித்தனிக் காரில் வந்ததை நானே கண்ணால் பார்த்தேன். மூன்றாவது பெரட்டில்தான் பிரியா, வள்ளியின் குரலைக் கொடுத்து முனியனை எழுப்பினார். அதன்பின் வள்ளி ஊமை. முனியன் அவள் பக்கத்தைவிட்டு நகரவே இல்லை. நாங்கள் ஆடியதில் அதுதான் ஆகச் சிறந்த காலம் என்று தமிழ்வாணனே பிறகு ஒப்புக்கொண்டார்.

சென்ற ஆண்டு, தாமும் ஒரு முறை ஆடிப் பார்க்க வேண்டும் என்று மண்டோர் ஆசைப்பட்டார். கதையை என்னிடம் கொடுத்துவிட்டுப் பேச்சி என்ற படகுக்காரியாக வந்தார். பேச்சி அதிக நாள் நிற்கவில்லை. நாங்கள் கரையேறுவதற்காக, எரிகிற படகைத் திருப்பி எதிரியின் கப்பல்மீது தானே கொண்டுபோய் மோதினாள். சட்டப்படி நான் கேட்டேன்: “மண்டோர், எழுப்பலாமா?”

“வேணாம் சேகர். நல்லாத்தான் செத்தேன்.”

“எங்களுக்கு வேணுமே,” என்றார் தமிழ்வாணன்.

“உங்களுக்கு வேணும்னு என்னைக் கூப்பிட முடியாது லா,” என்று சிரித்துவிட்டு அவர் தேநீர் கலக்கப் போனார்.

கருமாதி முடிந்த வாரம் தமிழ்வாணன் எங்களை வரச் சொன்னார். மேசை அப்படியே இருந்தது. என்னை மண்டோர் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, “பேச்சியை எழுப்பணும்,” என்றார். பிரியா அவர் கையைப் பிடித்தார். அவர் உதறினார். “நீதான கேட்ட சேகர், யாரு எதக் குடுக்கறதுன்னு? நான் குடுக்கறேன். முனியன் கண்ணு, கை, பேரு, எல்லாத்தையும் எடுத்துக்க. கூப்புடு.”

செத்தவரைக் கேட்காமல் எதையும் வாங்கக் கூடாது என்பதை அவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பெரட்டை மட்டும் தொடங்கினேன். வள்ளி என்றேன், ஊமை வள்ளிக்காகப் பிரியா மேசையைத் தட்டினார். முனியன் என்றேன், “இருக்கேன்,” என்றார் தமிழ்வாணன். பேச்சி என்றேன்.

வெளியே கௌசல்யா கடைசியாக ஏறிய கார் நின்றது. தமிழ்வாணன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் இரண்டாம் முறை கூப்பிட வாயெடுத்தபோது கையைக் காட்டி நிறுத்தினார்.

“வரல,” என்றார். “அவதான் வேணாம்னு சொல்லிட்டாளே.” பிறகு மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதார். இறுதிச் சடங்கில்கூட அவர் அழுது நாங்கள் பார்க்கவில்லை.

மண்டோர், போய் வாருங்கள் என்று எழுதத்தான் கை போகிறது. ஆனால் வா என்று கூப்பிடுவதற்கு முன் கேட்க வேண்டும் என்பது உங்கள் சட்டம். நாங்கள் கேட்டாயிற்று, நீங்களும் சொல்லியாயிற்று. போங்கள், மண்டோர்.