பஷீர் கடலில் எறிந்த சாவி

போன வாரம் டோல்கேட் பக்கம் ஒரு ஜூஸ் கடையில் பஷீரைப் பார்த்தேன். வண்ணாரப்பேட்டைக்காரன். முப்பது வருஷத்துக்கு முன்னால் திருவொற்றியூர் ஃபாக்டரி ஒன்றில் அவனும் நானும் ஆண்டனியும் ஒரே ஷிஃப்ட்.

கையில் உப்பு போட்ட லெமன் சோடா. ஆச்சரியம்! பன்னீர் சோடாவைத் தவிர வேறெதையும் தொடாத ஆளாயிற்றே.

“இன்னா மாமு, பிராண்ட மாத்திட்ட?”

“சுகரு வந்துகீது நைனா. ‘குடிப்பீங்களா?’ன்னு டாக்டரம்மா கேட்டாங்க. அல்லா மேல சத்தியமா ஒரு சொட்டு தொட்டதில்லன்னேன். ‘வேற என்ன குடிப்பீங்க?’ன்னாங்க. சோடா கணக்க சொன்னேன்... பேனாவ கீழ வெச்சிட்டாங்க!”

என் கதை மட்டும் என்ன வாழ்ந்தது? பீரை விட்டுப் பல வருஷமாகிறது. பீருக்குத் துணையாக வந்த மிக்சரை இன்னும் விட்டபாடில்லை. நல்ல பாட்டில், கெட்ட பாட்டில் என்று கலோரி பார்க்குமா என்ன?

அந்த நாட்களில் சனிக்கிழமை மதியம் ஷிஃப்ட் முடிந்தால், ஆண்டனியின் பைக்கில் மூன்று பேரும் தொற்றிக்கொண்டு எண்ணூர் கடற்கரைக்குப் போவோம். எனக்கு இரண்டு பீர் – அதுதான் கோட்டா. ஆண்டனிக்குக் கோட்டா கிடையாது. பஷீருக்குப் பன்னீர் சோடா. திரும்பும்போது வண்டி ஓட்டுவதும் அவன்தான்.

ஒரு சனிக்கிழமை. ஆண்டனிக்கு ஹார்பரில் வேலை கிடைத்திருந்தது. ராயபுரத்தில் அவன் வீட்டில் எல்லோருக்கும் கனவு அது. கொண்டாட்டம் எல்லை மீறிவிட்டது. திடீரென்று எழுந்தான்.

“பழவேற்காடு போய் மீன் துன்னலாம், வாங்கடா!”

“சாவிய குடு, நான் ஓட்றேன்” என்றான் பஷீர்.

“என் வண்டி... நான்தான் ஓட்டுவேன். இன்னா பண்ணுவ?”

நான் என்ன செய்தேன்? வெட்கமாக இருக்கிறது... சமர்த்தாகப் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

சாலையில் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. ஆண்டனி கிக்கரை உதைக்கிறான், கால் வழுக்குகிறது, மறுபடி உதைக்கிறான். பஷீர் நெருங்கி வந்தான். சாவியைப் பிடுங்கினான். பாறாங்கற்களுக்கு அந்தப் பக்கம், கடலுக்குள் வீசினான்.

ஆண்டனி பளார் என்று அறைந்தான். பஷீரின் உதடு கிழிந்து ரத்தம் வந்தது. அவன் திருப்பி அடிக்கவில்லை. லுங்கி முனையால் துடைத்துக்கொண்டு, “எறங்கு” என்றான் என்னிடம். எண்ணூரிலிருந்து திருவொற்றியூர் வரை அந்த வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தான். பின்னால் ஆண்டனி, வழியெல்லாம் திட்டிக்கொண்டு. அதற்கும் பின்னால் நான்.

ஒரு மாதம் இரண்டு பேருக்கும் பேச்சில்லை. எண்ணூர் பயணமும் இல்லை. பிறகு ஒரு நாள் ஃபாக்டரி கேட்டில் பைக் வந்து நின்றது. ஆண்டனிதான், ஹார்பர் யூனிஃபார்மில். புதுச் சாவியை பஷீரின் சட்டைப் பாக்கெட்டில் போட்டான்.

“வெச்சுக்க. எறிஞ்சிடாத மாமு... டூப்ளிகேட் இல்ல.”

அவனுக்கு மன்னிப்புக் கேட்கத் தெரிந்த விதம் அதுதான். அதன் பிறகு முதல் பாட்டில் திறப்பதற்கு முன்பே சாவி பஷீரிடம் போய்விடும். பாட்டில்களும் தானாகக் குறைந்தன. இப்போது ஆண்டனி ரிட்டயர்டு. கிறிஸ்துமஸுக்கு ஒரு கிளாஸ் ஒயின், அதோடு சரி.

ஜூஸ் கடையில் கேட்டேன். “பாக்கெட்ல போட்டுக்க வேண்டியதுதானே? ஏன்டா எறிஞ்ச?”

“பாக்கெட்ல இருந்தா புடுங்கிகினு போயிருப்பான். கடலாண்ட போயி இன்னா சண்ட போடுவான்?”

அன்று நாங்கள் கிளம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? தெரியாது. ஒன்றும் ஆகாமலும் போயிருக்கலாம். அதனால்தானோ என்னவோ, இத்தனை வருஷமாக அவனுக்கு யாருமே நன்றி சொல்லவில்லை. நான் சொன்னேன். “அத்த வுடு, வூட்டாண்ட வா” என்று தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டான்.

அளவு தெரிந்து குடிப்பது நல்லதுதான் – ஆனால் அளவு தவறும் நாளில், அறை வாங்கவும் துணிந்த ஒருவன் பக்கத்தில் இருப்பது அதைவிட நல்லது.