ஆய்க்குடி கோமதியம்மாளின் கடிதம்

அந்த நாளில் என்னை 'நீங்கள்' என்று மரியாதையாக அழைத்தது மருந்து நோட்டீஸ் ஒன்றுதான். உங்களுக்குப் பசி மந்தமா, காரணமில்லாமல் நெஞ்சு படபடக்கிறதா, தூக்கம் வராமல் புரளுகிறீர்களா என்று அது கேட்கும். எனக்குப் பதினொரு வயது. மூன்றுக்கும் ஆமாம் என்று மனதுக்குள் பதில் சொல்வேன். வேறு யாரும் என்னை அப்படி விசாரித்ததில்லை.

ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. தென்காசியில் எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, நான், மூன்றே பேர். தம்பி பிறந்து பதினாறாம் நாளே போய்விட்டான். அதிலிருந்து அம்மா பாயைவிட்டு எழுந்திருக்கவில்லை. காய்ச்சலும் இல்லை, வலியும் இல்லை. கேட்டால் ஒரு வார்த்தை, கேட்காவிட்டால் அதுவும் இல்லை. சோறு பொங்கவும் தண்ணீர் எடுக்கவும் ஆள் வேண்டுமே, அதற்கு நான் நின்றேன். அப்பாவுக்கு சீசன் நாளில் குற்றாலத்தில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடும் வேலை. விடியுமுன் போய் விளக்கு வைக்கும் நேரத்துக்குத் திரும்புவார். ஊரார் உடம்பையெல்லாம் பிடித்துவிட்டு வருகிறவர், அம்மாவின் பக்கத்தில் உட்காரத் தெரியாமல் வாசற்படியிலேயே இருந்து பீடி குடிப்பார்.

அந்த வருஷம் சாரல் நன்றாக விழுந்தது. கூட்டத்தைப் பார்த்து ஒரு டானிக் கம்பெனிக்காரர்கள் வேனில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு குற்றாலம் வந்திருந்தார்கள். அப்பா இரண்டு பாட்டில் வாங்கிவந்தார், கூடவே ஒரு நோட்டீஸும். அதன் பின்பக்கத்தில் குணமானவர்கள் எழுதிய கடிதங்கள் இருந்தன. பம்பாயிலிருந்து ஒருவர், கொழும்பிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார்கள். மூன்றாவதாக ஆய்க்குடி ஸ்ரீமதி கோமதியம்மாள். "மூன்று வருஷம் படுத்த படுக்கையாகக் கிடந்தேன். தங்கள் மருந்தை மூன்று பாட்டில் சாப்பிட்டேன். இப்போது நானே தண்ணீர் இறைத்துச் சமைக்கிறேன்."

பம்பாய் எந்தத் திசையில் இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. ஆய்க்குடி தெரியும். எங்கள் தெரு வண்டிக்காரர்கள் காலையில் போய் மத்தியானம் திரும்பிவிடுகிற ஊர்.

இரண்டு பாட்டிலும் காலியாயிற்று. அம்மா அப்படியேதான் இருந்தாள். மூன்றாவதை அப்பா கொண்டுவந்து வைத்தபோது வேண்டாம் என்று கையை மட்டும் அசைத்தாள்.

"மூணு பாட்டில்னுல்லா போட்டிருக்கான். ஆய்க்குடிக்காரி எந்திரிச்சிட்டாளே," என்றார் அப்பா.

"எந்திரிச்சதப் பாத்தது யாரு? கண்ணால பாத்தவங்க வந்து சொல்லட்டும். குடிக்கேன்."

பல மாதங்களில் அம்மா பேசிய நீளமான பேச்சு அதுதான். மாட்டேன் என்கிறாள் என்று அப்பா எடுத்துக்கொண்டார். நான் அதை வாக்குறுதியாக எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் அப்பா கிளம்பியதும் கஞ்சியையும் இரண்டு செம்புத் தண்ணீரையும் அம்மா கைக்கு எட்டும்படி வைத்தேன். ஒரு செம்பு கவிழ்ந்துவிட்டால்? அதற்குத்தான் இரண்டாவது. இரண்டும் கவிழ்ந்துவிட்டால் என்ன செய்வது என்று தெருமுனைவரை யோசித்துக்கொண்டே போனேன்.

அதுவரை கண்ணில் பட்டும் படாமலும் இருந்தவையெல்லாம் அன்று வழிநெடுக என்னைப் பார்த்தன. பாலத்துக் கட்டையில் பீடிக் கம்பெனியின் பெயர். மில் சுவரில் சோப்புக்கட்டியைக் கையில் ஏந்தி ஒரு பெண். டீக்கடைத் தட்டியில் பல்பொடி. சோப்புக்காரி சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எந்த ஊர், அவளை நேரில் பார்த்தவர்கள் உண்டா என்று நினைத்தேன். இதற்குமுன் அப்படி நினைத்ததே இல்லை. பாதி தூரத்தில் செருப்பு வார் அறுந்தது. கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன்.

ஆய்க்குடியில் ஒரு டீக்கடைக்காரரிடம் கோமதியம்மாள் வீடு எது அண்ணாச்சி என்று கேட்டேன்.

"எந்தக் கோமதி? இந்த ஊர்ல கல்லெடுத்து எறிஞ்சா ஏதாவது ஒரு கோமதி மேலதான் விழும். இட்லிக் கடைக்காரியா?"

இட்லிக் கடைக் கோமதி அண்டாவைத் தனி ஆளாகத் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தாள். எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. நீங்கள்தானே சீக்காக் கிடந்தது என்றேன்.

"எனக்கா சீக்கு? ஏட்டி, யாவாரம் நடக்குத நேரத்துல வந்து என்ன பேச்சு பேசுதா பாரு! எம் மாமியாக்காரி அனுப்பிவிட்டாளா?" என்று சத்தம் போட்டவள், என் முகத்தைப் பார்த்துவிட்டு இரண்டு இட்லியை இலையில் வைத்து நீட்டினாள். "சீக்காக் கெடந்து எந்திரிச்ச கோமதி இங்கன யாருமில்ல. கெடக்கவ ஒருத்தி உண்டு. மேலத்தெருவுல கடைசி வீடு."

அந்த வீட்டில் கதவு ஒருக்களித்திருந்தது. எல்லாரும் நடவுக்குப் போயிருந்தார்கள். கயிற்றுக் கட்டிலில் அம்மா வயதில் ஒருத்தி ஒட்டிக் கிடந்தாள். பெயரைக் கேட்டேன். கோமதிதான். நோட்டீஸைக் காட்டினேன்.

"நான் லெட்டரா? எனக்குக் கையெழுத்தே போடத் தெரியாதே," என்றாள். பிறகு, "என்ன எழுதியிருக்கேன், படி," என்றாள்.

படித்தேன்.

"மூணு வருசம்னா போட்டிருக்கு? எனக்கு ரெண்டுதான் ஆகுது. இன்னொருக்கப் படி."

நாலு தடவை படித்தேன். தண்ணீர் இறைத்துச் சமைக்கிறேன் என்ற இடம் வந்ததும் அவள் உதடும் கூடவே அசைந்தது.

"என்ன கொழம்புன்னு போடலியா?"

"இல்ல அத்தை."

"புளிக்கொழம்பாத்தான் இருக்கும்," என்றாள் முகட்டைப் பார்த்து.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. வெறித்த பிறகு போகலாமே, கொஞ்சம் இரு என்றாள். எனக்கு இரண்டு செம்பும் கவிழ்ந்துகிடப்பது போலவே இருந்தது. எழுந்துவிட்டேன். நோட்டீஸ் அவள் நெஞ்சின்மேல் இருந்தது. திருப்பிக் கேட்க வாய் வரவில்லை.

நனைந்து நடுங்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"எங்கட்டி போன?"

"ஆய்க்குடிக்கு. அவங்களைப் பாத்தேன். எந்திரிச்சிட்டாங்கம்மா. தண்ணி எறைக்காங்க. புளிக்கொழம்பு வச்சாங்க."

குழம்பைச் சேர்த்துக்கொண்டது எனக்கே பெருமையாக இருந்தது. கம்பெனிக்காரனுக்குக்கூட அது தோன்றவில்லையே.

அம்மா என் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சேறு, குதிகாலில் முள் கிழித்த ரத்தம்.

"அம்புட்டுத் தூரமும் தனியாவா போன?"

"ஆமா."

"அந்தக் கொழம்பை ஒனக்கு ஊத்துனாளா?"

இந்தக் கேள்விக்கு நான் தயாராக இல்லை. "இல்ல," என்று உண்மை வந்துவிட்டது.

அம்மா சுவரைப் பிடித்து எழுந்தாள். எழுந்து, நின்று, அடுப்படிக்கு நடந்தாள். வெந்நீர் வைத்து என் காலில் ஊற்றினாள். பிறகு உலை வைத்தாள். உப்புப் போடும்போது பாதி கீழே சிந்தியது. நான் மூச்சுவிடப் பயந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா கூரையில் புகையைப் பார்த்துவிட்டு வேகமாக வந்தார். நான் ஓடிப்போய், "மருந்து பலிச்சிட்டுப்பா!" என்றேன். அவர் பாட்டிலை எடுத்து விளக்கொளியில் பிடித்தார். மூடியைச் சுற்றி ஒட்டிய தாள் கிழியவில்லை. என்னைப் பார்த்தார், அடுப்படியைப் பார்த்தார்.

"ஆமா. நல்ல மருந்துதான்," என்று இருந்த இடத்திலேயே வைத்தார்.

மறுநாள் அம்மா மறுபடி படுத்துவிட்டாள். என் பொய்யில் எங்கே ஓட்டை என்று நாள் முழுக்கத் தேடினேன். குழம்பு ஊற்றினாள் என்று சொல்லியிருக்க வேண்டும், அதுதான். அன்று சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து, மறந்துபோனேன், ஊற்றினாங்க, அப்பளமும் வைத்தாங்க என்றேன். அடுத்த நாள் கோமதிக்கு ஒரு பசு கொடுத்தேன். அதற்கடுத்த நாள் அந்தப் பசு கன்று போட்டது.

"சரி, இன்னைக்கு என்ன செய்யுதா ஒங் கோமதி?" என்று காலையிலேயே அம்மா கேட்க ஆரம்பித்தாள். கன்று கிடாரியா காளையா என்றாள். சீம்பால் அண்டை வீட்டுக்குக் கொடுத்தாளா என்றாள். ஒருநாள், "அவளுக்குப் பேச்சுத் துணைக்கு யாரு இருக்கா?" என்றாள். நிறையப் பேர் வருவார்கள் என்று சொன்னேன். மேலத்தெருக் கடைசி வீட்டுக்கு அதற்கப்புறம் நான் போகவே இல்லை.

இவ்வளவு சொல்லியும் மருந்தைக் குடிக்க மாட்டேனென்கிறாளே என்றுதான் எனக்குக் கவலை. அவள் கேட்பதும் நான் சொல்வதுமாக இருக்கும்போதெல்லாம் என் கண் அந்தப் பாட்டில்மேலேயே இருந்தது. அம்மா பேசிக்கொண்டிருக்கிறாள் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.