ஒயர் நாற்காலியில் யாரும் உட்காரவில்லை

பரவை டீக்கடையில் இரவல் வாங்கி வந்த பச்சை ஒயர் நாற்காலி இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. எங்கள் குடிசைக்கு முன்னால், சாணி தெளித்துக் கோலம் போட்ட இடத்தில் அதைப் போட்டிருந்தோம். வெளிநாட்டிலிருந்து வந்த வெள்ளைக்கார அம்மா அதில் உட்காரவே இல்லை. நேரே வந்து தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். கூட வந்த வக்கீலம்மாவும் வேறு வழியில்லாமல் சேலையை ஒதுக்கிக்கொண்டு கீழே உட்கார்ந்தார். நாங்கள் நிற்பதா, உட்காருவதா என்று தெரியாமல் விழித்தோம்.

எழுபதுகளின் கடைசியில் நடந்தது இது. கூலியைக் கூட்டிக் கேட்டோம் என்பதற்காக, குடியிருந்த இடத்தைக் காலி செய்யச் சொல்லி நிலத்துக்காரர் கோர்ட்டுக்குப் போயிருந்தார். எங்கள் தெருவுக்கே வேறு போக்கிடம் கிடையாது. சிம்மக்கல்லில், மிளகாய் மண்டிக்கு மேல் மாடியில் இருந்த சட்ட உதவி ஆபீசில்தான் வக்கீலம்மாவைப் பார்த்தோம். படி ஏறும்போதே தும்மல் வரும். ஃபீஸ் வேண்டாம் என்றார். ஏழைகள் வழக்கை நடத்த வெளிநாட்டில் பணம் கொடுக்கிறார்கள் என்றார். எங்கேயோ இருக்கிறவர்களுக்கு எங்கள் குடிசைமேல் என்ன அக்கறை என்று எனக்குப் பிடிபடவில்லை. கேட்கவும் கூச்சம்.

பணம் கொடுக்கிறவர்கள் நேரில் பார்க்க வருகிறார்கள், அஞ்சாவது வரை படித்த நீதான் பேச வேண்டும் என்று வக்கீலம்மா சொல்லிவிட்டார். மாமியார் வேறு, "விருந்தாடி வாரப்ப மூளிக் கழுத்தோடயா நிப்ப? கூலிக்காரின்னு நெத்தியில எழுதி ஒட்டணுமாக்கும்" என்று ஏசிவிட்டு, யாரிடமோ சங்கிலியும் பட்டுச்சேலையும் இரவல் வாங்கி வந்தார். தெருவே அப்படித்தான் ஜோடித்து நின்றது. கிழிசல்களையெல்லாம் வைக்கோல் படப்புக்குப் பின்னால் ஒளித்துவிட்டோம். எங்களைப் பார்த்ததும் வக்கீலம்மா நெற்றியில் கை வைத்தார். ஏன் என்று அப்போது விளங்கவில்லை.

வந்த அம்மா என்னிடம் ஏதோ கேட்டார். "என்ன கஷ்டம், என்ன வேணும்னு கேக்குறாங்க. சொல்லு தாயி" என்றார் வக்கீலம்மா. வீடு தேடி வந்தவர் கேட்டால் என்ன சொல்வோமோ, அதுதான் வாயில் வந்தது.

"ஒரு குறையும் இல்லைங்கம்மா. நல்லா இருக்கோம். மொதல்ல காப்பித்தண்ணி குடிக்கச் சொல்லுங்க."

வக்கீலம்மா இங்கிலீஷில் பேச ஆரம்பித்தார். நான் சொன்னது இம்புட்டுத்தான். அவர் பேச்சு நிற்கவே இல்லை. வெள்ளைக்கார அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. மாமியார் என் காதோரம், "அப்படி என்னத்தடி சொன்ன?" என்றார்.

மறு வருஷம் ஆபீசைப் பூட்டிவிட்டார்கள். புராஜெக்ட் முடிந்துவிட்டதாம். வழக்கே முடியவில்லை, அது மட்டும் எப்படி முடியும்? இரவல் சங்கிலிகளைப் பார்த்து நிறுத்தினார்களா, என் வாய்ச்சொல்லாலா, இல்லை அங்கேயே வேறு ஏதாவதா? எனக்குத் தெரியவில்லை. வக்கீலம்மா மட்டும் விடவில்லை. கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் அலைந்து, இடம் எங்களுக்கே என்று தீர்ப்பு வாங்கிக் கொடுத்தார். அன்று கோர்ட்டு வாசலில், என்னால்தான் பணம் நின்றதா என்று கேட்டே விட்டேன். அவர் சிரித்தார்.

"நல்லா இருக்கோம்னு நீ சொன்ன. நானும் அதைத்தான் சொன்னேன்."

அதைச் சொல்ல அம்புட்டு நேரமா?

வக்கீலம்மா போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிவிட்டது. அதே இடத்தில் இப்போது காரைவீடு நிற்கிறது. வாசலில் கிடக்கும் நாற்காலிகள் சொந்த நாற்காலிகள். யார் வந்து எப்படி இருக்கீங்க என்று கேட்டாலும், ஒரு குறையும் இல்லை என்றுதான் சொல்கிறேன். இப்போது அது மெய்யும்கூட. ஆனாலும் சொன்னதும் பக்கத்தில் திரும்பிப் பார்த்துவிடுகிறேன், யாராவது அதை நீட்டிச் சொல்லப்போகிறார்களா என்று. பக்கத்து நாற்காலி காலியாகவே கிடக்கிறது.