துணி மாறாத நாள் வரும்வரை

எங்கள் கடைத்தெருவில் என் தம்பியை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "இன்னுங்கொஞ்சம்" என்று சொன்னால்தான் தெரியும். எப்போது விற்கப் போகிறாய் என்று யார் கேட்டாலும், அவன் வாயிலிருந்து முதலில் விழுவது அந்தச் சொல்தான்.

எனக்குச் சலவைக் கடை. முன்னால் துணி வாங்கும் மேசை, பின்னால் இரண்டு மெஷின், கோடியில் இஸ்திரிப் பலகை. ஒருமுறை ஓர் அம்மா, இறந்துபோன தன் கணவரின் கம்பளிக் கோட்டைக் கொண்டுவந்து போட்டார். நாங்கள் அதை ஆள் மாற்றி யாருக்கோ கொடுத்துவிட்டோம். பிறகு கிடைக்கவே இல்லை. அந்த அம்மா சண்டைக்கு வரவில்லை.

"அவர் வாசம் போகட்டும்னுதான் குடுத்தேன். கோட்டும் சேந்து போயிடுச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படி இறங்கினார்.

அன்று தன் சட்டைகளை வாங்க வந்த தம்பி மேசைக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். அப்போது அவனுக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில் நல்ல வேலை. அந்த வேலையை விட்டுவிட்டு, என் இஸ்திரிப் பலகைக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, சலவைக் கடைகளுக்கென்று ஒரு சாஃப்ட்வேர் எழுத ஆரம்பித்தான். துணி வந்ததும் அதைப் போட்டோ எடுக்க வேண்டும், காலரில் நம்பர் நாடா குத்த வேண்டும். திருப்பிக் கொடுக்கும்போது அதே போட்டோ திரையில் வரும். பார்த்துக் கொடுத்தால் மாறாது.

சோப்புத் தூள் விற்றுக் கடை கடையாய் அலைந்த ஒருவன் அவனுக்குக் கூட்டாளியாய்ச் சேர்ந்தான். நல்ல வாய்.

"அக்கா, உங்க தம்பி, பிள்ளைக்கு நடக்கத் தெரிஞ்சப்புறம்தான் பெத்துக்குவேங்கிறான்" என்பான்.

"உனக்கென்ன, வித்துட்டுப் போயிடுவ. துணி காணோம்னு அழறவங்க முகத்தை யாரு பாக்கிறது?" என்பான் தம்பி.

"கடைக்காரங்க பாத்துக்குவாங்க. இத்தனை வருசமா அவங்கதானே பாக்கிறாங்க?"

நாலைந்து கடைகளில் அதைப் பழகிப் பார்க்கக் கொடுத்திருந்தார்கள். யாராவது காசு எடுத்து நீட்டினாலும், "இன்னும் முடியலீங்க, வேண்டாம்" என்று தம்பி கையைத் தள்ளிவிடுவான். தங்கமான பிள்ளை என்று எல்லாரும் புகழ்ந்தார்கள். புகழுக்கு என்ன குறை, அது இலவசம்தானே.

வீட்டில் உலை கொதித்தது தம்பி பெண்டாட்டி சம்பளத்தில். அவள் பள்ளிக்கூட டீச்சர். ஒருநாள் கடைக்கு வந்து, இஸ்திரிப் பலகை மேல் கையை வைத்தபடி பேசினாள்.

"அண்ணி, உங்க தம்பிகிட்ட ஒரு தேதி வாங்கிக் குடுங்க. அதுவரைக்கும் பல்லைக் கடிச்சிட்டு இருந்துடுவேன். தேதியே இல்லாம இருக்கிறதுதான் முடியல. இந்த வருசம் முடியிறதுக்குள்ள விக்கலைன்னா, பழையபடி வேலைக்குப் போகட்டும்."

நான் தம்பியிடம் சொன்னேன். "சரிக்கா, மழை நின்னதும் வித்துடறேன்" என்றான். மழை நின்றது. அதற்குள் ஒரு கடையில் ஒரு குண்டு மனிதரின் வெள்ளைச் சட்டையும் ஓர் ஒல்லி மனிதரின் வெள்ளைச் சட்டையும் மாறிவிட்டன. வெள்ளையெல்லாம் போட்டோவில் ஒன்றுபோலத்தான் தெரியும். அவர்கள் இருவரும் சிரித்துக்கொண்டே தங்களுக்குள் மாற்றிக்கொண்டார்கள். தம்பி சிரிக்கவில்லை. நாற்காலியைத் திரும்பவும் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

காலையில் ஷட்டரைத் தூக்கும் முன் நான் தினமும் கும்பிடுவேன். கடவுளே, இவன் பொய் சொல்லத் தெரியாதவன், இவன் வேலையை நீதான் முடித்துக் கொடுக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வேன்.

கூட்டாளி ஒருநாள் போய்விட்டான். சண்டை ஒன்றும் இல்லை. "நான் தனியாப் பாத்துக்கிறேன்க்கா" என்றான். வேறு ஆளை வைத்து அதேபோல் ஒரு சாஃப்ட்வேர் எழுதி வாங்கினான். அதில் போட்டோ கிடையாது, வெறும் நம்பர்தான். உடனே விற்கப் புறப்பட்டுவிட்டான். அவனைக் கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். அவனுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

வருசக் கடைசியில் தம்பிக்கு மனம் நிறைந்தது. வெள்ளைத் துணியும் மாறவில்லை. நான் இஸ்திரி போட்டுக் கொடுத்த சட்டையில், என்னையும் கூட்டிக்கொண்டு, பழகிப் பார்க்க வாங்கியிருந்த அடுத்த தெரு சலவைக் கடைப் பெரியவரிடம் போனான்.

"வாப்பா, இன்னுங்கொஞ்சம். உக்காரு."

"முடிஞ்சிடுச்சுங்கய்யா. இனிமே விலைக்குத்தான் குடுக்கப் போறேன்."

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அடடா. இப்பதானேப்பா உன் கூட்டாளிகிட்ட வாங்கினேன்."

"அதுல துணி மாறுமேங்கய்யா."

"மாறுது. எங்க கையிலயும்தான் மாறிச்சு. ஆனா அவன் முடிஞ்சுதுன்னு சொல்லிக் குடுத்தான். நீதானே தினமும் வந்து முடியல, முடியலன்னே? முடியாததை நம்பி எத்தனை நாள் உக்காந்திருக்கிறது?"

தம்பி எழுந்தான்.

"உன்னோடதும் இருக்கட்டும்ப்பா" என்றார் பெரியவர். "போட்டோ நல்லா விழுது. எடுத்துடாத."

மற்ற கடைகளிலும் இதே பேச்சுதான். தம்பி பெண்டாட்டி அவனைக் குத்திக் காட்டவில்லை. வேலைக்குப் போக ஒரு ஜோடிச் செருப்பு வாங்கி வாசலில் வைத்திருந்தாள். அதைவிட அவள் திட்டியிருந்தால் தேவலை.

பழைய கம்பெனியில் இடம் இல்லை என்றார்கள். கடைசியில் கூப்பிட்டது கூட்டாளிதான். துணி மாறிவிட்டது என்று கடைக்காரர்கள் போன் செய்தால் பதில் சொல்ல அவனுக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. தம்பி போனான். தன்னுடையதை விற்கும் பேச்சை அதோடு விட்டுவிட்டான்.

போன வாரம் பெரியவரைத் தெருவில் பார்த்தேன். "ஒரு கம்பளி காணோம்னு போன் பண்ணேன்மா. 'இன்னும் கொஞ்ச நேரம் இருங்கய்யா, பாத்துச் சொல்றேன்'னு ஒரு குரல். பாத்தா நம்ம இன்னுங்கொஞ்சம்" என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கடவுளைக் கேள்வி கேட்க நான் யார். ஷட்டரைத் தூக்கும் முன் இப்போதும் கும்பிடுகிறேன். என்ன வேண்டிக்கொள்வது என்றுதான் தெரியவில்லை.

தம்பி எழுதியது என் கடையில் இன்னமும் ஓடுகிறது. துணி மாறுவதில்லை. சில பேர் திரையில் தங்கள் சட்டையைப் பார்த்து வியந்து, "நல்லா இருக்கே, இது எங்கம்மா கிடைக்கும்?" என்று கேட்கிறார்கள்.

"கிடைக்காதுங்க" என்று சொல்லி, மடித்த துணியை அவர்கள் கையில் கொடுக்கிறேன்.