இசைவிழாவுக்குப் போகிறவர்கள் பத்து மணிக்கு முன் வாவியைக் கடந்துவிடுங்கள்

கடந்த ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை, மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில் நடந்த திறந்தவெளி இசைவிழாவுக்குத் திருகோணமலையிலிருந்து போய்வந்தேன். நான் இசைப் பைத்தியம் இல்லை. வீட்டில் யாராவது பாட்டுப் போட்டால் சத்தத்தைக் குறைக்கச் சொல்கிற ஆள். போனது என் மனைவி மாலதிக்காக. அவள் பாடசாலையில் சங்கீத ஆசிரியை. ஏழு பெண்கள் சேர்ந்த குழு ஒன்றில் அவளும் ஒருத்தி. அந்தக் குழுவுக்கு மாலை நான்கு பத்துக்கு மேடை கிடைத்திருந்தது. முதல் பாட்டை அவள் தனியே பாட வேண்டும்.

ஒரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அவள் மூன்று முறை பெரிய மேடை ஏறியிருக்கிறாள். மூன்று முறையும் நான் இல்லை. ஒருமுறை கந்தோரில் கூட்டம், ஒருமுறை காய்ச்சல், ஒருமுறை வந்த பஸ் வழியில் பழுது. எல்லாமே நியாயமான காரணங்கள்தான். இந்த முறை ஒத்திகைக்காக இரண்டு நாள் முன்னதாகவே புறப்பட்டவள் வாசலில் நின்று, “காரணம் கொண்டு வராதேங்கோ. ஆளா வாங்கோ” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆகவே பயணத்தை நானே திட்டமிட்டேன். காணிக் கந்தோரில் இருபத்தைந்து வருடம் வேலை செய்கிறவன், அளவும் எல்லையும் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. அந்தத் தலைக்கனம்தான் பிறகு என்னைக் கவிழ்த்தது.

வெள்ளி காலை ஏழு மணி பஸ். மூதூர், வெருகல், கதிரவெளி, வாகரை என்று கரையோரப் பாதையில் சுமார் 130 கிலோமீற்றர். கட்டணம் 520 ரூபாய், மட்டக்களப்பு சேர்ந்தது 10.50க்கு. இடது பக்கம் இருந்தால் கதிரவெளிப் பக்கம் கடல் தெரியும், ஆனால் வெயிலும் அந்தப் பக்கம்தான். பிறகு 11.20க்குக் கல்முனை பஸ்ஸில் நாவற்குடா, காத்தான்குடி தாண்டிக் களுவாஞ்சிக்குடியில் இறங்கினேன். 30 கிலோமீற்றர், ஒரு மணித்தியாலம். அங்கிருந்து குருமண்வெளி படகுத்துறைக்கு ஓட்டோவில் 400 ரூபாய். காத்தான்குடியில் பஸ் ஐந்து நிமிடம் நின்றது, இறங்கி அரைக்கிலோ மஸ்கற் அல்வா வாங்கினேன். நல்ல மஸ்கற், மாலதிக்குப் பிடிக்கும்.

ஊர் தெரியாதவர்களுக்கு ஒரு விளக்கம். வாவி தெற்கு வடக்காக நீண்டு கிடக்கிறது. கடல் பக்கத்துக் கரை எழுவான்கரை, சூரியன் எழும் பக்கம். பெரிய தெரு, கடைகள், விடுதிகள் எல்லாம் அங்கே. எதிர்ப்பக்கம் படுவான்கரை, வயலும் குளமும் மாடும். விழா நடந்தது படுவான்கரையில், மண்டூருக்குப் பக்கத்தில் ஒரு வட்டையில். வட்டை என்றால் வயல்வெளி. மழையை நம்பி விதைக்கிற வட்டை என்பதால் மாசியில் அறுவடை முடிந்தபின் காய்ந்து கிடக்கும், பல்லாயிரம் பேர் உட்காரலாம்.

கைபேசி வரைபடத்தில் பார்த்தேன். குருமண்வெளித் துறையிலிருந்து மேடைக்கு நேர்கோட்டில் ஒன்றரைக் கிலோமீற்றர்கூட இல்லை. நடுவில் வாவி, அதைக் கடக்கப் ‘பாதை’ இருக்கிறது. ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிப்போகும் தட்டையான இயந்திரப் படகுக்கு இங்கே அதுதான் பெயர். கடக்கப் பன்னிரண்டு நிமிடம், மாலை ஆறுவரை ஓடும் என்று எழுதியிருந்தது. படுவான்கரையில் அறை கிடைப்பது கஷ்டம், துறைக்குப் பக்கத்து வீட்டில் 3,500 ரூபாய்க்கு மின்விசிறியோடு அறை. யார்தான் வேண்டாம் என்பார்கள்?

அறை கொடுத்தவர் யோகா அக்கா, அறுபது வயது இருக்கும், முன்னால் சின்னக் கடை வைத்திருக்கிறார். சனி காலை பிட்டும் மீன்குழம்பும் தந்துவிட்டு, எத்தனை மணிக்குப் போகிறேன் என்று கேட்டார். மூன்று மணிக்கு என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“போறதெண்டா வெள்ளனப் போங்க தம்பி. மறுகா கச்சான் எழும்பினா பாதை ஓடாது.”

அந்த மாதங்களில் மேற்கிலிருந்து அடிக்கிற வரண்ட காற்று கச்சான். திருகோணமலைக்காரனுக்கு அது தெரியாதா? தெரியும், கந்தோர் யன்னலால் வந்து கோப்புகளைப் பறக்கவிடும் காற்றாக. அது வாவியைக் கலக்கிப் படகை நிறுத்தும் என்று நான் யோசிக்கவில்லை. ஆறு மணிவரை ஓடும் என்று போட்டிருக்கிறது அக்கா என்று கைபேசியை நீட்டினேன். அவர் கண்ணாடி போட்டு அதை வாசித்தார். பிறகு, காற்றுக்கு இதை ஆர் காட்டினது என்று கேட்டுவிட்டுக் கடைக்குள் போய்விட்டார். ஒன்பது மணிக்கே அந்தத் தெரு முழுக்கப் தண்ணீர்ப் போத்தலும் பாயுமாகத் துறைக்கு நடந்தது. நான் வெயிலில் வதங்காமல் புத்திசாலித்தனமாகப் போகப்போகிறேன் என்ற நினைப்பில் சேட்டுக்கு அயன் போட்டு மினுக்கிக்கொண்டிருந்தேன்.

இரண்டு ஐம்பதுக்குத் துறையில் நின்றேன். பாதை கட்டிக் கிடந்தது. வாவி மண்நிறத்தில் குதித்துக்கொண்டிருந்தது. பன்னிரண்டரைக்கே நிறுத்தியாயிற்றாம். ஆட்களை ஏற்றி அந்த அலையில் விடக்கூடாது என்பது சரியான முடிவு, அதில் எனக்கு எந்த முறைப்பாடும் இல்லை. முறைப்பாடெல்லாம் என்மேல்தான்.

சுற்றிப்போக வழி உண்டு. பட்டிருப்புப் பாலம் கடந்து, போரதீவு, வெல்லாவெளி வழியாக மண்டூர், ஏறக்குறைய 18 கிலோமீற்றர். சாதாரண நாளில் நாற்பது நிமிடம். ஆனால் ஊரிலிருந்த ஓட்டோ எல்லாம் விழாக் கூட்டத்தை ஏற்றப் போய்விட்டன. யோகா அக்கா நாலைந்து பேருக்குப் போன் அடித்து ஒன்றைப் பிடித்துத் தந்தபோது மூன்று முப்பத்தைந்து. வந்த ஓட்டோக்காரர் அப்போதுதான் அந்தப் பக்கத்தால் வந்தவர். வெல்லாவெளியிலிருந்து வாகனம் நெருக்கடி, விழாவுக்கு மூன்று கிலோமீற்றர் முன்னாலேயே எல்லாரையும் இறக்குகிறார்கள், பிறகு உழவு இயந்திரப் பெட்டியில் ஏற வரிசை என்று விவரம் சொன்னார். மாலதியின் கைபேசிக்குத் தொடர்பு கிடைக்கவில்லை. குரல் செய்தி அனுப்பினேன், அது போய்ச் சேரவில்லை.

நான் சும்மா நிற்பதைப் பார்த்து ஓட்டோக்காரர் இறங்கிப் பக்கத்தில் வந்தார்.

“இப்ப வெளிக்கிட்டாலும் அஞ்சு மணிக்குப் பிந்தித்தான் போய்ச் சேருவம் அண்ணன். பாட்டு முடிஞ்சிரும். இஞ்ச நிண்டா முழுசாக் கேக்கலாம். காத்து இஞ்சாலதான் கொண்டு வருது.”

அவர் சொன்னது உண்மை. மேடை வாவியைப் பார்த்துக் கட்டப்பட்டிருந்தது. கச்சான் அதன் முதுகுப் பக்கமிருந்து அடித்து, முழுச் சத்தத்தையும் தண்ணீருக்கு மேலால் தள்ளிக்கொண்டு வந்தது. துறையில் பத்துப் பதினைந்து பேர் இதற்கென்றே பாய் விரித்திருந்தார்கள். டிக்கெட் எடுக்காமல் வருடா வருடம் இப்படித்தான் கேட்பார்களாம்.

போனால் வழியில் இருக்கும்போது அவள் பாடி முடித்துவிடுவாள், எதுவும் கேட்காது. நின்றால் கேட்கும், ஆனால் நான் அங்கே இல்லை. நான் நின்றேன். அது சரியா என்று இன்றுவரை தெரியாது.

நான்கு இருபதுக்கு அவள் குரல் வந்தது. நாற்று நடும்போது பாடுகிற மெட்டில் அவளே அமைத்த பாட்டு. வீட்டில் சமையலறையில் அரைகுறையாகக் கேட்ட குரல்தான். ஆனால் அத்தனை தண்ணீரைத் தாண்டி, ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு அது தடுமாறாமல் வந்தது. எனக்கு அழுகை வந்தது, வெளிப்படையாகவே அழுதேன். இரண்டாம் அடியில் தாளத்துக்கு ஒரு கணம் முந்தி எடுத்துவிட்டாள். நிறுத்தினாள், ஒரு சின்னச் சிரிப்பு மாதிரி ஏதோ கேட்டது, திரும்பச் சரியாகப் பிடித்தாள். எத்தனை நிதானம் என்று பெருமையாக இருந்தது.

பாயில் இருந்த ஒரு அம்மா, “ஆரு கா இது, நல்லாப் படிக்கிறா” என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். என் மனைவி என்று நான் சொன்னேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“அப்ப நீங்க ஏன் இஞ்ச?” என்றார் அந்த அம்மா.

நான் போய் ஓட்டோவில் ஏறினேன். 1,800 ரூபாய் வாங்கினார், நியாயமான காசு. திடலுக்குள் நுழைந்தபோது ஐந்து ஐம்பது. மேடைக்குப் பின்னால் குழுப் பெண்களோடு மாலதி பிளேன்டீ குடித்துக்கொண்டு நின்றாள். பின்னுக்கு நின்றனீங்களோ என்று கேட்டாள். ஓம் என்று சொல்லியிருக்கலாம். பாட்டை முழுசாகக் கேட்டிருந்தேன், பிடிபட்டிருக்க மாட்டேன். ஆனால் அவள் முகத்தைப் பார்த்தபின் வாய் வரவில்லை. நடந்ததைச் சொன்னேன். “சரி” என்றாள். மஸ்கற்றைக் கொடுத்தேன், வாங்கிக் குழுவுக்குப் பகிர்ந்தாள்.

மிச்ச விழாவை இருவரும் சேர்ந்துதான் பார்த்தோம், ஆகவே திடலைப் பற்றி எனக்குச் சொல்ல உண்டு. டிக்கெட் 1,500, கைப்பட்டி கட்டுவார்கள், வெளியே போனால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். வெட்டிய வயலில் நெல்லின் அடித்தாள் கம்பி மாதிரி நிற்கும், மெல்லிய செருப்பைக் குத்திக்கொண்டு வரும், சப்பாத்து நல்லது. வரம்பு ஓரமாகப் பாய் விரியுங்கள், சாய்ந்துகொள்ளலாம். பாயின் நாலு மூலைக்கும் பாரம் வையுங்கள், இல்லாவிட்டால் கச்சான் கொண்டுபோய்விடும். மேடை வாவியைப் பார்ப்பதால் பார்வையாளருக்கு ஆறு மணிவரை வெயில் நேரே கண்ணில். நாடாக் கட்டிய தொப்பி வேண்டும். குடை பிடித்தால் பின்னால் இருப்பவர்கள் சும்மா விடமாட்டார்கள், ஒரு பெரியவர் வாங்கிய ஏச்சை நானே கேட்டேன். தூசிக்கு மூக்கில் கட்ட ஈரத்துவாய் ஒன்று. தண்ணீர் ஆளுக்கு இரண்டு லீற்றர், உள்ளே இளநீர் 200. கொத்துரொட்டி நல்ல ருசி, ஆனால் ஏழு மணிக்குப் பிறகு வரிசை நாற்பது நிமிடம். கைபேசிச் சமிக்ஞை மூன்று மணியோடு படுத்துவிடுகிறது, ஆகவே சந்திக்கிற இடத்தை முதல்நாளே பேசிவையுங்கள். மலசலகூடம் வடக்கு வாசல் பக்கம் சுத்தமாக இருந்தது. இந்த வாவிக்குப் பேர்போன பாடும் மீன் கேட்டதா என்று சிலர் கேட்பீர்கள், இல்லை, அத்தனை ஒலிபெருக்கிக்கு நடுவில் மீனாவது பாடுவதாவது.

விழா எட்டு மணிக்கு முடிந்தது. குழு தங்கிய பாடசாலையில் எனக்கும் ஒரு மூலை கொடுத்தார்கள்.

மறுநாள் காலை ஆறரைக்குப் பாதையில் ஏறினோம். காற்று இல்லை, வாவி எண்ணெய் மாதிரிக் கிடந்தது. முதல் நாள் எனக்குக் கிடைக்காத அதே பன்னிரண்டு நிமிடம். அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வந்தாள். நான்தான் இருக்க மாட்டாமல், இரண்டாம் அடியில் பிசகினாலும் சிரித்துச் சமாளித்தது நன்றாக இருந்தது என்றேன். நான் உண்மையிலேயே கேட்டேன் என்பதற்கு அது ஒரு சாட்சியாகவும் இருக்கட்டும் என்று நினைத்தேன்.

மாலதி தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னாள். “அது சிரிப்பில்லை. குடும்பத்து ஆக்களுக்கெண்டு முன்னுக்குக் கதிரை போட்டிருந்தவை. முதல் அடி முடிய உங்களைத் தேடினனான். உங்கட கதிரை வெறுமையாக் கிடந்தது. அதுல மூச்சுத் தப்பிப் போச்சு.”

படகு கரை தட்டியது. அவளுடைய பையை நான் தூக்கிக்கொண்டேன், அவள் மறுக்கவில்லை.

போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். தொப்பியை மறந்தால் வாசலில் வாங்கலாம், பாயை மறந்தால் பக்கத்தில் இருப்பவர் இடம் தருவார், வயிற்றுக்கு அங்கே எல்லாம் கிடைக்கும். படுவான்கரையில் அறை கிடைக்காவிட்டால் முதல்நாளே போய்த் திடலில் தங்குங்கள், அதற்கும் முடியாவிட்டால் காலை பத்து மணிக்கு முன் கடந்துவிடுங்கள். சும்மா பாட்டுக் கேட்க மட்டும் போகிறீர்களா, குருமண்வெளித் துறையிலேயே பாயைப் போட்டு இருங்கள், சத்தம் அருமையாக வரும், காசும் இல்லை. உங்களுடையவர் யாராவது பாடினால் மட்டும் அங்கே நிற்காதீர்கள். அந்தக் கரையில் நிற்கிறவருக்கு மேடை கேட்கும். மேடையில் நிற்கிறவருக்கு அந்தக் கரை தெரியாது.